குடிபெயர்ந்தோரின் பாதுகாவலி: அர்ச். பிரான்சிஸ்கா கப்ரீனி அம்மாள்

வெளிதேசத்தில் பிள்ளை இல்லாத வீடு இன்று நம் பங்கில் குறைவு. ஒருவன் வளைகுடாவில் வெல்டர். ஒருத்தி இங்கிலாந்தில் நர்சு. இன்னொருவன் கனடாவில் படிப்பு. புறப்படுமுன் பாஸ்போர்ட்டும் விசாவும் வாங்கி, ஊறுகாய்ப் பாட்டிலையும் கருவாட்டையும் துணிக்குள் பொதிந்து, முந்தின ஞாயிறு பூசைக்குக் கருத்துக் கொடுத்து, குருவானவரிடம் ஆசீர்வாதமும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். போய் இறங்கிய பிறகு என்ன? பெட்டியில் கொண்டுபோனவை எத்தனை நாளைக்கு உதவும்? அந்நிய மண்ணில் ஒரு மனிதன் வேர் பிடிப்பது எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தகுதியுள்ள ஓர் அம்மாளைத் திருச்சபை நமக்குக் காட்டியிருக்கிறது. 12-ம் பத்திநாதர் பாப்பரசர் 1950-ம் ஆண்டில் குடிபெயர்ந்து வாழ்வோருக்குப் பாதுகாவலியாக நியமித்த அர்ச். பிரான்சிஸ்கா சவேரியா கப்ரீனி அம்மாளே அவர். அவருடைய சரித்திரத்தைப் பங்குக் குடும்பங்கள் ஆற அமர வாசிப்பது நலம்.

காகிதக் கப்பலும் தண்ணீர்ப் பயமும்

இத்தாலி தேசத்தின் வடபாகத்தில் லொம்பார்தியா என்னும் நாடு உண்டு. அதிலே சாந்த் ஆஞ்செலோ லோதிஜியானோ என்ற ஊரில், 1850-ம் ஆண்டு ஜூலை மாதம் 15-ம் தேதி, அகுஸ்தீனோ கப்ரீனி, ஸ்தெல்லா என்னும் பக்தியுள்ள விவசாயத் தம்பதிகளுக்குக் கடைக்குட்டியாக பிரான்சிஸ்கா பிறந்தாள். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தை. பிழைப்பதே சந்தேகம் என்றிருந்தபடியால் அன்றைக்கே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பிழைத்தாள், ஆனாலும் ஆயுள் முழுவதும் மெலிந்த உடம்புதான்.

மாலை வேளைகளில் தகப்பனார், தூர தேசங்களில் உழைக்கும் வேதபோதகர்களின் வரலாறுகளைக் குடும்பத்தார் கேட்க உரக்க வாசிப்பது வழக்கம். சிறுமியின் மனம் அவற்றில் ஒட்டிக்கொண்டது. சீன தேசத்துக்குப் போகவேண்டும் என்ற ஆசை அவளுக்கு அப்போதே உண்டாயிற்று. சீனாவில் மிட்டாய் கிடைக்காது என்று யாரோ சொல்லக் கேட்டு, இப்போதே பழகிக்கொள்வோம் என்று மிட்டாய் தின்பதையே விட்டுவிட்டாளாம். வெளிதேசப் பயணத்துக்கு அவள் செய்த முதல் ஆயத்தம் இதுதான்!

பக்கத்து ஊரில் குருவாயிருந்த மாமா வீட்டுக்கு அவள் போவதுண்டு. அங்கே ஓடிய வாய்க்காலில் காகிதக் கப்பல் செய்து, அதில் ஊதாப் பூக்களை வேதபோதகர்களாக ஏற்றி, சீனாவுக்கு அனுப்பி விளையாடுவாள். ஒருநாள் கால் தவறி வாய்க்காலில் விழுந்து, தண்ணீரோடு போகப்பட்டவளைக் கரைசேர்த்தார்கள். அன்று பிடித்த தண்ணீர்ப் பயம் அவளை வெகுகாலம் விடவில்லை. இப்படிப்பட்டவள் பிற்காலத்தில் இருபது தடவைக்கு மேல் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தாள் என்றால், பயம் நீங்கிய பிறகுதான் புறப்படவேண்டும் என்பதில்லை என்று நாம் அறிந்துகொள்ளலாம்.

மறுக்கப்பட்ட பெண்

பதினெட்டாம் வயதில் ஆசிரியைப் பரீட்சையில் தேறினாள். 1870-ல் ஒரே வருஷத்தில் தாயும் தகப்பனும் மரித்தார்கள். ஊரில் வைசூரி பரவியபோது நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, தானும் வைசூரியில் விழுந்து எழுந்தாள். கன்னியர் மடத்தில் சேரக் கேட்டபோது, இந்த உடம்பு தாங்காது என்று மறுத்துவிட்டார்கள். ஆகையால் கிராமப் பள்ளிக்கூடத்தில் படிப்புச் சொல்லிக்கொடுத்து வந்தாள். பின்பு 1874-ல், கொதோஞ்ஞோ என்னும் பட்டணத்தில் சீர்கெட்டுக் கிடந்த ஓர் அநாதை இல்லத்தைச் சீர்ப்படுத்தும்படி அவளை அனுப்பினார்கள்.

சில நாள் வேலை என்று நினைத்துப் போனவள் ஆறு வருஷம் அங்கே பாடுபட்டாள். இல்லத்தின் தலைவியோடு ஓயாத மனத்தாங்கல். கடைசியில் இல்லம் மூடப்பட்டது. ஆனால் அந்த ஆறு வருஷத்தில், அவளை நம்பிப் பின்செல்லத் துணிந்த சில இளம் பெண்கள் உருவாகியிருந்தார்கள். லோதி மேற்றிராணியாரின் யோசனைப்படி அவர்களைச் சேர்த்துக்கொண்டு, 1880-ம் ஆண்டு நவம்பர் 14-ம் தேதி, கொதோஞ்ஞோவில் வெறுமையாய்க் கிடந்த ஒரு பழைய சன்னியாசிகள் மடத்தில், சேசுவின் திரு இருதய வேதபோதகக் கன்னியர் சபையை பிரான்சிஸ்கா ஸ்தாபித்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் கால் நோக நடந்து வேதம் போதித்த அர்ச். சவேரியாரின் பெயரையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். சவேரியார் சீன தேசத்தின் வாசலில் மரித்தவர் அல்லவா? அவர் விட்ட இடத்திலிருந்து தாம் தொடரவேண்டும் என்பதே அம்மாளின் ஏக்கம்.

கிழக்கே ஆசை, மேற்கே கட்டளை

அந்நாட்களில் இத்தாலியிலிருந்து ஏழை ஜனங்கள் கூட்டங்கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். தென் இத்தாலியில் நிலம் இல்லை, வேலை இல்லை, வரியோ தலைக்கு மேல். 1880-க்கும் 1920-க்கும் இடையில் ஐக்கிய அமெரிக்க நாடுகளுக்கு மட்டும் ஏறக்குறைய 40 லட்சம் இத்தாலியர் போனார்கள். கப்பலின் அடித்தட்டில் நெருக்குண்டு போய் இறங்கியவர்களை முதலில் எதிர்கொண்டவன் பெரும்பாலும் அவர்கள் ஊர்க்காரனே. பத்ரோனே என்று அவனைச் சொல்வார்கள். கப்பல் கூலியைக் கடனாகக் கொடுத்து, வேலையிலும் அவனே சேர்த்துவிட்டு, பிறகு கூலியில் பெரும் பங்கைப் பிடித்துக்கொள்வான். இந்தக் காலத்தில் மோசக்கார ஏஜெண்டுகளிடம் சிக்கி, கொண்டுபோன கடனையே அடைக்க முடியாமல் தவிக்கிற நம் பிள்ளைகளுக்கு இது புதுக்கதை அல்ல.

ஞான காரியத்திலும் அவர்கள் திக்கற்றவர்களாகவே இருந்தார்கள். அவர்கள் பாஷை தெரிந்த குருக்கள் சிலரே. நியூயார்க் நகரில் பல கோயில்களில், மேலே மற்றவர்களுக்குப் பூசை நடக்கையில், இத்தாலியர்களுக்குக் கோயிலின் அடித்தள அறையிலே பூசை நடந்தது. தாங்கள் இரண்டாந்தரக் கிறிஸ்தவர்கள் என்று எண்ணி, பலர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

பியாசென்ஸா மேற்றிராணியார் ஸ்கலபிரீனி ஆண்டகை இவர்களுக்காக மனம் உருகி, 1887-ல் குருக்கள் சபை ஒன்றை ஏற்படுத்தியிருந்தார். கப்ரீனி அம்மாளும் தம் கன்னியரோடு நியூயார்க்குக்குப் போகவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அம்மாளுக்கோ சீன தேசத்தைத் தவிர வேறு நினைவில்லை. முடிவில் 13-ம் சிங்கராயர் பாப்பரசரிடம் போய்த் தம் மனதை வெளியிட்டார். கிழக்கே போகவேண்டாம், மேற்கே போகும்படி பாப்பரசர் கட்டளையிட்டார். குழந்தைப் பருவம் முதல் செய்துவந்த ஆயத்தமெல்லாம் ஒரு தேசத்துக்கு. போகவேண்டியதோ வேறொரு தேசம். அம்மாள் தர்க்கம் செய்யவில்லை. ஆறு கன்னியரைக் கூட்டிக்கொண்டு 1889-ம் ஆண்டு மார்ச் மாதம் கப்பலேறினார்.

இடமில்லாத முதல் இரவு

மார்ச் 31-ம் தேதி நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். தங்குவதற்கு வீடும், நடத்துவதற்கு ஓர் அநாதை இல்லமும் ஆயத்தமாக இருக்கும் என்று நம்பி வந்தவர்களுக்கு வீடும் இல்லை, இல்லமும் இல்லை. அன்று இரவு மலிவான விடுதியொன்றில் ஒதுங்கினார்கள். அழுக்கும் பூச்சியும் நிறைந்த படுக்கைகளில் படுக்க மனமில்லாமல், விடியுமட்டும் விழித்திருந்து செபம் செய்தார்கள்.

மறுநாள் அதிமேற்றிராணியார் கோரிகன் ஆண்டகையைக் கண்டபோது அதைவிடப் பெரிய அடி காத்திருந்தது. அநாதை இல்லத்துக்கு உதவ முன்வந்த சீமாட்டிக்கும் ஆண்டகைக்கும் இடம் பற்றியும் பணம் பற்றியும் ஒத்துவராமல் போயிருந்தது. பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி ஆண்டகை எழுதிய கடிதம் கையில் கிடைக்குமுன் கன்னியர் புறப்பட்டுவிட்டார்கள். ஆகையால் வந்த கப்பலிலேயே இத்தாலிக்குத் திரும்புவது நல்லது என்பது ஆண்டகையின் எண்ணம்.

நம்மில் யாராயிருந்தாலும் அப்போது கண்ணீர் விட்டிருப்போம், அல்லது கோபித்திருப்போம். அம்மாள் இரண்டும் செய்யவில்லை. பாப்பரசர் தம்மை இங்கே அனுப்பியிருக்கிறபடியால் இங்கேயே இருக்கவேண்டியது தம் கடமை என்று மரியாதை குறையாமல் தெரிவித்து, பாப்பரசருடைய தீர்மானத்தைக் காட்டும் தாள்களையும் முன்வைத்தார். ஆண்டகை இளகினார். வேறொரு கன்னியர் மடத்தில் தற்காலிகமாகத் தங்க ஏற்பாடாயிற்று. சில வாரங்களுக்குள் அந்தச் சீமாட்டியும் ஆண்டகையும் சமாதானப்பட, அநாதை இல்லமும் திறக்கப்பட்டது. புதிய தேசத்துக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அம்மாள் பணிவை விடவில்லை. தமக்குரிய உரிமையையும் விடவில்லை. அதற்கான தாள்களையும் பத்திரமாக வைத்திருந்தார்.

பை எடுத்து நடந்த தெருக்கள்

தங்க இடம் கிடைத்ததும் கன்னியர் இத்தாலியர் குடியிருந்த சந்துகளுக்குள் இறங்கினார்கள். ஆங்கிலம் அவர்களுக்குச் சரியாக வராது. வீடு வீடாக ஏறி, நோயாளிகளைக் கண்டு, பிள்ளைகளை ஞானோபதேசத்துக்கு அழைத்தார்கள். கையில் பையோடு கடை கடையாக நின்று, அநாதைப் பிள்ளைகளுக்காக ரொட்டியும் காய்கறியும் காசும் யாசித்தார்கள். கொடுத்தவர்களில் அநேகர் தாங்களே ஏழைகள். கதவைச் சாத்தியவர்களும் உண்டு. தாங்களே இன்னும் காலூன்றாதிருக்க, அடுத்தவர் பிள்ளைக்குச் சோறு தேடிப் புறப்பட்டதுதான் அம்மாளின் சாமர்த்தியம். இதற்குள்ளே அந்த நகரத்தின் தெருவும் பாஷையும் மனிதரும் அவர்களுக்குப் பழகிவிட்டார்கள்.

மறு வருஷம் ஹட்ஸன் நதிக்கரையில் வெஸ்ட் பார்க் என்னுமிடத்தில் சேசுசபையார் தங்கள் நிலத்தை மலிவு விலைக்குக் கொடுத்தார்கள். மலிவுக்குக் காரணம் தண்ணீர்க் குறைவு. அம்மாள் வாங்கினார், நிலத்தைச் சுற்றிப் பார்த்து ஓரிடத்தைத் தோண்டச் சொன்னார், நல்ல ஊற்று அகப்பட்டது. அநாதைப் பிள்ளைகள் நகரத்துப் புகையை விட்டு அங்கே குடிபோனார்கள்.

பாஷை தெரியாத நோயாளி

வெளிதேசத்தில் நோயாய்ப் படுப்பது எவ்வளவு பெரிய துன்பம் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். எங்கே வலிக்கிறது என்று சொல்லப் பாஷை இல்லை. டாக்டர் சொல்வது விளங்கவில்லை. சாகக் கிடந்தாலும் பாவசங்கீர்த்தனம் கேட்கத் தன் பாஷைக் குருவானவர் இல்லை. நியூயார்க்கில் இத்தாலிய ஏழைகளின் நிலை இதுவே. அவர்களுக்கென்று மற்றவர்கள் தொடங்கிய ஒரு சிறு ஆஸ்பத்திரி கடனில் மூழ்கியபோது, 1892-ல் அம்மாள் 250 டாலரையும் பத்து நோயாளிகளையும் கொண்டு வாடகை வீட்டில் புது ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டு அப்போது 400 வருஷம் நிறைந்த சமயம். இத்தாலியனுக்கும் அமெரிக்கனுக்கும் பிடித்த பெயர் என்று கண்டு, கொலம்பஸ் ஆஸ்பத்திரி என்று பெயரிட்டார். பெயர் வைப்பதிலும் எவ்வளவு விவேகம்!

அதே வருஷத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்குப் போனார். அதற்கு முந்தின வருஷம், 1891 மார்ச் 14-ம் தேதி, அங்கே ஒரு கும்பல் சிறைச்சாலைக்குள் புகுந்து பதினொரு இத்தாலியர்களைக் கொன்றிருந்தது. போலீஸ் தலைவர் ஒருவரைக் கொலை செய்ததாக அவர்கள்மேல் பழி. விசாரணையில் நீதிமன்றம் சிலரை விடுதலை செய்தும் கும்பல் கேட்கவில்லை. பகையும் பயமும் ஆறாத அந்த நகரில்தான் அம்மாள் பள்ளிக்கூடமும் அநாதை இல்லமும் தொடங்கினார். தம் ஜனங்கள் வெறுக்கப்பட்ட இடத்தை விட்டு ஓடாமல், அங்கேயே அவர்கள் பிள்ளைகளுக்குப் படிப்பும் ஒழுக்கமும் கொடுத்துத் தலைநிமிரச் செய்தார்.

நூல்கயிறும் சுரங்கமும்

பக்தியுள்ளவர்களுக்கு உலக காரியம் தெரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் அம்மாளின் சிக்காகோ வேலையைக் கேட்கவேண்டும். அங்கே ஆஸ்பத்திரிக்காக ஒரு பெரிய ஓட்டலை விலைபேசினார். விற்கிறவர்கள் மேல் அம்மாளுக்குச் சந்தேகம். விடியற்காலையில் கன்னியரை அனுப்பி, கயிறுகளை முடிந்து நிலத்தின் நான்கு பக்கமும் அளக்கச் செய்தார். ஒரு துண்டு நிலத்தை நைசாக விட்டுவிட்டுப் பத்திரம் எழுதப் பார்த்தது வெளிப்பட்டது. பேசிய நிலம் முழுவதையும் வாங்கிய பிறகே அம்மாள் விட்டார். அந்த ஆஸ்பத்திரி 1905-ல் திறக்கப்பட்டது.

கொலராடோ மலைநாட்டில் இத்தாலியர்கள் சுரங்கத்துக்குள் வெயில் காணாமல் உழைத்தார்கள். அவர்கள் கோயிலுக்கு வர முடியவில்லையென்றால் நாம் அவர்களிடம் போவோம் என்று கன்னியர் சுரங்கத்துக்குள் இறங்கி, வேலைக்காரரோடு அவர்கள் தாய்ப்பாஷையில் பேசி, மறந்துபோன செபங்களை நினைவூட்டினார்கள். நியூயார்க்குக்கு அடுத்த சிங் சிங் சிறையிலும், பாஷை தெரியாமல் வாடிய கைதிகளைச் சந்தித்து, அவர்கள் வீட்டாருக்குச் செய்தி அனுப்ப உதவினார்கள்.

நிக்கராகுவாவில் பள்ளிக்கூடம் வைத்தார். சில வருஷத்தில் அரசாங்கம் மாறி அவருடைய கன்னியரைத் துரத்திற்று. அதனால் மனம் உடையாமல், 1895-ல் சிலி தேசத்திலிருந்து ஆண்டிஸ் மலையைக் கோவேறு கழுதைமேல் கடந்து அர்ஜெந்தீனாவுக்குப் போய் அங்கே பள்ளி திறந்தார். இத்தனையும் அடிக்கடி வந்த மலேரியா சுரத்தோடு.

இரண்டு தேசம், ஒரே மனம்

அம்மாளுடைய பள்ளிகளில் பிள்ளைகள் ஆங்கிலமும் படித்தார்கள், இத்தாலிய பாஷையும் படித்தார்கள். ஆங்கிலம் இல்லாவிட்டால் அந்தத் தேசத்தில் பிழைப்பு இல்லை; தாய்ப்பாஷை போய்விட்டால் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவே சுவர் எழும்பும், வீட்டுச் செபமும் நின்றுவிடும். இரண்டும் வேண்டும் என்பதே அவர் கண்ட வழி.

1909-ம் ஆண்டில் சியாட்டில் நகரில் அம்மாள் அமெரிக்கக் குடியுரிமைப் பிரமாணம் செய்தார். அமெரிக்காவில் வந்து இறங்கி அப்போது இருபது வருஷம் ஆகியிருந்தது. இத்தாலியின் மேல் அவருக்குப் பற்று குறைந்துவிடவில்லை. தாம் உண்ட தேசத்துக்கு, தம் ஜனங்கள் வாழும் தேசத்துக்கு, உண்மையான குடியாயிருப்பது நியாயம் என்று எண்ணினார். வெளிநாட்டில் சம்பாத்தியத்தை மட்டும் பார்த்து, அந்நாட்டின் சட்டத்தையும் சுகதுக்கத்தையும் அசட்டை செய்கிறவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

1917-ம் ஆண்டு டிசம்பர் மாதம். சிக்காகோவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்காக மிட்டாய்ப் பொட்டலம் கட்டும் வேலையில் அம்மாளும் கைகொடுத்தார். சீனாவுக்காக மிட்டாயை விட்ட அந்தக் குழந்தை, கடைசியில் மற்றக் குழந்தைகளுக்கு மிட்டாய் கட்டிக்கொண்டிருந்தாள்! மறுநாள், 22-ம் தேதி, தாம் ஸ்தாபித்த ஆஸ்பத்திரியிலேயே ஆண்டவரிடத்தில் சேர்ந்தார். வயது 67. அவர் ஸ்தாபித்த பள்ளிகள், அநாதை இல்லங்கள், ஆஸ்பத்திரிகள் முதலியவையும் 67 என்று கணக்கு.

ஒன்பது வருஷத்துக்குப் பின், 1926-ல், அவருடைய சபைக் கன்னியர் சீன தேசத்தில் கால்வைத்தார்கள். 11-ம் பத்திநாதர் பாப்பரசர் 1938-ல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 12-ம் பத்திநாதர் 1946 ஜூலை 7-ம் தேதி அர்ச்சியசிஷ்ட பட்டமும் அளித்தார்கள். அமெரிக்கக் குடிகளில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள், அடித்தளத்துப் பூசைக்குத் தள்ளப்பட்ட ஜனத்தில் பிறந்த இந்த அம்மாளே.

நமக்கு என்ன?

பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரே, ஏஜெண்டு அரசாங்கத்தில் பதிவு பெற்றவன்தானா என்று விசாரியுங்கள். ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடவிடாதீர்கள். எல்லாத் தாள்களுக்கும் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். போகிற ஊரின் பாஷையில் நாலு வார்த்தையாவது முன்கூட்டியே படிக்கச் சொல்லுங்கள். நூல்கயிறு கட்டி நிலம் அளந்த அம்மாள் இதையெல்லாம் மெச்சுவார்.

போயிருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு இந்தப் பத்திரிகையை வீட்டார் அனுப்பினால் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: எனக்கு எல்லாம் அமைந்த பிறகு பிறருக்கு உதவுவேன் என்று காத்திருக்கவேண்டாம். உங்களுக்குப் பிறகு வந்து, பஸ் நிற்கும் இடம்கூடத் தெரியாமல் நிற்கிறவனுக்கு வழிகாட்டுங்கள். ஆஸ்பத்திரியில் பாஷை தெரியாமல் கிடப்பவன் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்த மண்ணில் நீங்கள் வேர் பிடிப்பது அங்கேதான் ஆரம்பமாகும்.

இங்கே இருக்கிற நமக்கும் ஒரு வேலை உண்டு. கட்டடம் கட்டவும் ஓட்டலில் பாத்திரம் தேய்க்கவும் ஒரிஸா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் நாடுகளிலிருந்து வாலிபர்கள் நம் ஊர்களுக்கு வருகிறார்கள். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில், வாசலோரமாக நிற்கிறவர்கள் அவர்களாயிருக்கலாம். நம் பிள்ளைக்கு அந்நிய தேசத்தில் யாராவது கதவைத் திறக்கமாட்டார்களா என்று மன்றாடுகிற நாம், நம் கோயிலில் அவர்களை அடித்தளத்தில் வைத்துவிடக் கூடாது. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அவர்களில் ஒருவனிடம் பெயரைக் கேளுங்கள்; ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழையுங்கள்.

குடிபெயர்ந்தோரின் பாதுகாவலியான அர்ச். கப்ரீனி அம்மாளே, போனவர்களுக்காகவும் வந்தவர்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.